ஒரு மணித்தியாலப் பறப்பு, ஒன்பது மணித்தியாலப் பயணம்



கடந்த இதழ்களில் தொலைந்துபோன பிறப்புச் சான்றிதழின் பிரதியை எடுப்பது எப்படி, சிறுசேமிப்புக் குழுவில் கணக்கு எழுதுவது எப்படி என்றெல்லாம் கதைத்தோம். இம்மாதம் கொஞ்சம் உயரே போவோம். விமானப் பயணத்தைப் பற்றிக் கதைப்போம்.

"விமானத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் கண்டியிலும் சுற்றுப்புறங்களிலும் நான் சந்திக்கும் பெண்கள் குழுக்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. "பிள்ளை, கட்டுநாயக்காவிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம்? போய்ச் சேர எத்தனை மணித்தியாலம்?" என்று யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த அம்மா ஒருவர் கேட்பார். "மிஸ், குவைத்துக்கு எவ்வளவு நேரம் பறக்கணும்?" என்று தோட்டத்துப் பெண் ஒருத்தி கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் எப்போதும் ஒரு மனிதர் இருப்பார். முகாமில் இருக்கும் தங்கையோ, வெளிநாட்டில் வேலை செய்யும் மகளோ, பல ஆண்டுகளாகக் காணாத அண்ணனோ.

யுத்தம் எங்கள் குடும்பங்களைப் பல நாடுகளுக்குப் பிரித்துவிட்டது. ஆகவே இரண்டு விமானநிலையங்களுக்கு இடையிலான தூரமும் நேரமும் எங்கள் வீட்டுக் கணக்குத்தான். அந்தக் கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்தால் காசு மிஞ்சும், அலைச்சல் குறையும். சில வேளைகளில் ஒரு கடைசி முகத்தைப் பார்க்கவும் முடியும்.

முதலில் தூரம்

விமானத்துக்குச் சொல்லப்படும் தூரம், இரண்டு விமானநிலையங்களுக்கு இடையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் தூரம். மலையும் ஆறும் வளைவும் அதில் சேராது. கண்டியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு அப்படி நூல் பிடித்தால் ஏறத்தாழ 85 கிலோமீற்றர்தான். வீதியால் போனால் நூறு கிலோமீற்றரைத் தாண்டும். கடுகண்ணாவை வளைவுகளில் வாந்தி எடுத்தவர்களுக்கு அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் பெண்களுக்கு அதிகம் தேவைப்படும் சில தூரங்களைத் தருகிறேன். எல்லாமே நேர்கோட்டுத் தூரம், கிட்டத்தட்டக் கணக்கு.

கட்டுநாயக்காவிலிருந்து சென்னை 645 கிலோமீற்றர்.
கட்டுநாயக்காவிலிருந்து திருச்சி 415 கிலோமீற்றர்.
பலாலியிலிருந்து சென்னை 355 கிலோமீற்றர்.
பலாலியிலிருந்து திருச்சி 185 கிலோமீற்றர்.
இரத்மலானையிலிருந்து பலாலி 330 கிலோமீற்றர்.

கடைசி இரண்டையும் இன்னொரு முறை பாருங்கள். பலாலிக்கு இரத்மலானையை விடத் திருச்சி கிட்ட இருக்கிறது. கடல் நடுவில் இருப்பதால் அது தூர தேசம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

தூரம் பாதியானால் நேரமும் பாதியாகுமா?

ஆகாது. இதில்தான் பலர் கணக்குத் தவறுகிறார்கள்.

கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்குப் பறக்க ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். பலாலியிலிருந்து திருச்சி அதன் பாதித் தூரமும் இல்லை. ஆனால் அதற்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். அதேபோலக் கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம் என்றால், தூரம் மிகக் குறைந்த பலாலி–சென்னைப் பறப்புக்கும் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் போய்விடுகிறது.

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது விமானத்தின் வகை. கட்டுநாயக்காவிலிருந்து போகும் பெரிய ஜெட் விமானங்கள் உயரே ஏறியபின் மணிக்கு 800 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் பறக்கும். பலாலி ஓடுபாதை குறுகியது என்பதால் அங்கு ஏ.ரி.ஆர். என்னும் சிறிய விமானங்களே இந்தியாவிலிருந்து வந்து போயிருக்கின்றன. அவற்றின் இறக்கைகளில் காற்றாடி சுழல்வதை யன்னலால் பார்க்கலாம். அவற்றின் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவுதான்.

இரண்டாவது காரணம், பயணச்சீட்டில் எழுதப்படும் நேரம் வானத்தில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நின்ற இடத்தைவிட்டு அசையும் நேரத்திலிருந்து, போன இடத்தில் நிறுத்தப்படும் நேரம்வரை எண்ணுகிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்காகக் காத்திருப்பது, மேலே ஏறுவது, கீழே இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். தூரம் எவ்வளவு குறைந்தாலும் இவை குறையமாட்டா. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் ஏறிப் பேராதனையைத் தாண்டுவதற்கே அரை மணித்தியாலம் போய்விடுகிறது. அதன்பின் நீங்கள் மாவனல்லைக்குப் போனாலென்ன, கொழும்புக்குப் போனாலென்ன, அந்த அரை மணித்தியாலம் போனது போனதுதான். விமானமும் அப்படியே.

வீட்டு வாசலிலிருந்து எண்ணுங்கள்

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். விமானத்தில் ஏற முதலும் இறங்கிய பின்னரும் போகும் நேரத்தை யாரும் பயணச்சீட்டில் எழுதித் தருவதில்லை. அதை நாங்களே எழுத வேண்டும்.

வத்தேகமைப் பக்கத்தில் இருக்கும் ஒரு சகோதரி திருச்சிக்குப் போகிறார், விமானம் காலை 9 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பயணம் என்றால் பொதுவாக மூன்று மணித்தியாலம் முந்தி விமானநிலையத்தில் நிற்கச் சொல்வார்கள். ஆகவே காலை 6 மணி. வத்தேகமையிலிருந்து கண்டிக்கு வந்து, அங்கிருந்து கட்டுநாயக்காவுக்குப் போக, வானில் போனாலும் மூன்றரை, நான்கு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். ஆகவே வீட்டைவிட்டு இறங்குவது இரவு 2 மணி. 10 மணிக்குத் திருச்சியில் இறங்குவார். குடிவரவு வரிசை, பெட்டி வரும்வரை காத்திருத்தல், சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர 11 மணி.

இரவு 2 மணியிலிருந்து பகல் 11 மணிவரை ஒன்பது மணித்தியாலம். பறந்தது ஒரு மணித்தியாலம்.

"அப்படியென்றால் பலாலியால் போனால் என்ன?" என்று கேட்பீர்கள். ஏ-9 வீதியை யாழ்ப்பாண வீதி என்றே எல்லோரும் நினைக்கிறோம். அது தொடங்குவது எங்கள் கண்டியில்தான். மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று 321 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. பஸ்ஸில் எட்டு மணித்தியாலம்வரை பிடிக்கும். அதன்பின் பலாலிக்குப் போக வேண்டும். ஆகவே கண்டியில் இருப்பவருக்கு, விமானத் தூரம் குறைந்த பலாலியைவிட, விமானத் தூரம் கூடிய கட்டுநாயக்காதான் கிட்டம். யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ இருக்கும் சகோதரிக்குக் கணக்கு நேர்மாறு. அவர் இரவு முழுவதும் பஸ்ஸில் கொழும்புப் பக்கம் வந்து, வந்த வழியே தலைக்குமேல் திரும்பிப் பறக்கத் தேவையில்லை. எந்த விமானநிலையம் கிட்டம் என்பதை உங்கள் வீட்டு வாசல்தான் முடிவு செய்யும்.

மலைநாட்டில் இருக்கும் எங்களுக்கு மழையும் ஒரு கணக்கு. 2025 நவம்பரில் கீழ்க் கடுகண்ணாவையில் மண்ணும் பாறையும் சரிந்து உயிர்களைப் பறித்து, கொழும்பு–கண்டி வீதியையே மூட வைத்ததை நாம் மறக்கவில்லை. அதைத் தொடர்ந்து வந்த டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மழைக்காலத்தில் பயணம் வைப்பவர்கள் முதல்நாளே புறப்பட்டு, நீர்கொழும்பு, கட்டுநாயக்காப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்குவது நல்லது. கலகெதரை, குருநாகல் வழியே இன்னொரு பாதை இருப்பதையும் வான் சாரதியிடம் முன்கூட்டியே கதைத்து வையுங்கள்.

இரண்டு மணிக்கூடுகள்

பயணச்சீட்டில் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊரின் மணிக்கூட்டுப்படியே எழுதப்படும். இந்தியாவுக்கும் எங்களுக்கும் இப்போது ஒரே நேரம் என்பதால் குழப்பம் இல்லை. ஆனால் மத்திய கிழக்குக்குப் போகும் பெண்கள் இதில் குழம்பிப் போகிறார்கள்.

கட்டுநாயக்காவிலிருந்து டுபாய் ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர். காலை 10 மணிக்குப் புறப்பட்டுப் பகல் 1 மணிக்கு டுபாயில் இறங்குவதாகச் சீட்டில் இருந்தால், பயணம் மூன்று மணித்தியாலம் என்று நினைக்கக் கூடாது. டுபாய் மணிக்கூடு எங்களுடையதைவிட ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. அதையும் கூட்டினால் நாலரை மணித்தியாலம். குவைத், சவூதி அரேபியா என்றால் இரண்டரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். குவைத் 4,100 கிலோமீற்றருக்குச் சற்று மேல். நேராகப் பறந்தால் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். இடையில் வேறு நாட்டில் இறங்கி ஏறும் சீட்டு என்றால், அங்கே காத்திருக்கும் நேரம் பறக்கும் நேரத்தையே மிஞ்சிவிடலாம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மகள் எத்தனை மணிக்கு இறங்குவாள் என்று தெரியாமல் இரவு முழுவதும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு அழுத தாய்மாரை எனக்குத் தெரியும். முகவர் சொல்லும் நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். பயணச்சீட்டைப் பார்த்து, விமான இலக்கம், இறங்கி ஏறும் ஊர், போய்ச் சேரும் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் அதே தாளில் எழுதுங்கள்.

நேரம் மாறும் கதை எங்களுக்குப் புதிதல்ல. 1996 மே மாதத்தில் இலங்கையின் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி இந்திய நேரத்தோடு ஒன்றானது. அந்த ஆண்டுகளில் வன்னியில் பழைய நேரமே நடந்தது. "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்காமல் யாரும் ஒரு காரியம் வைக்க முடியாது. ஒரே தீவில் இரண்டு மணிக்கூடுகளோடு வாழ்ந்தவர்களுக்கு டுபாய் நேரம் ஒரு பெரிய காரியமா?

பெண் பெயர் தாங்கிய விமானங்கள்

பலாலி விமானநிலையம் இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியர் அமைத்தது. எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி இரத்மலானையில் தொடங்கி, இந்தப் பலாலியில் இறங்கி, சென்னைக்குப் போனது. அந்தக் காலத்தில் அதைக் காங்கேசன்துறை விமானநிலையம் என்றும் சொல்வார்கள். அந்த நிறுவனம் வைத்திருந்த மூன்று டக்கோட்டா விமானங்களுக்கும் பெண்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன: சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி.

அப்போது கொழும்பிலிருந்து யாழ்ப்பாணமும் சென்னையும் ஒரே கயிற்றில் கோத்த மணிகள்போல இருந்தன. மலைநாட்டு மக்களுக்கு விமானம் கட்டுப்படியாகாது. அவர்கள் புகையிரதத்தில் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இந்தியாவுக்குப் போனார்கள். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட எங்கள் தோட்டத்துக் குடும்பங்களும் அந்தக் கப்பலிலேயே போயின. 1984 இல் அதுவும் நின்றது.

பின்னர் வந்த ஆண்டுகளை நான் விவரிக்கத் தேவையில்லை, உங்களில் பலர் அவற்றை நடந்தே கடந்தவர்கள். 1990 இல் பலாலி, மயிலிட்டிப் பக்கத்துச் சனங்கள் உடுத்த உடையோடு எழும்பி ஓடினார்கள். அந்த விமானநிலையத்தைச் சுற்றியுள்ள காணிகளில் ஒரு பகுதி இன்னும் உரியவர்களின் கைக்குத் திரும்பவில்லை. தரைவழி மூடப்பட்ட காலங்களில் இரத்மலானை–பலாலி விமானம் நோயாளிக்கும் மாணவருக்கும் ஒரு வழியாக இருந்தது. 330 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய பறப்பு. ஆனால் அதற்குப் பாதுகாப்பு அனுமதி எடுக்க நாட்களும் வாரங்களும் காத்திருக்க வேண்டும். புறப்படும் நாளில் பொதிகளை அவிழ்த்து, கட்டி, மீண்டும் அவிழ்த்து, பஸ் மாறி, ஒரு முழுநாள் போய்விடும்.

அந்த வழியும் பயமற்றதாக இருக்கவில்லை. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் இரணைதீவை அண்டிய கடலில் வீழ்ந்தது. அதில் 55 பேர் இருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. விமானத்தின் சிதைவுகள் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது 2012 இல். ஒரு மணித்தியாலத்தில் வந்து சேர வேண்டியவர்களைப் பற்றி ஒரு தடயம் கிடைக்க 14 ஆண்டுகள் சென்றன. காணாமற்போனவர்களுக்காக இன்றும் காத்திருக்கும் எங்கள் சகோதரிகளுக்கு அந்தக் காத்திருப்பின் நீளம் தெரியும்.

2019 ஒக்டோபர் 17 இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அலையன்ஸ் எயார் நிறுவனம் சென்னைச் சேவையைத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் அது நின்றது, 2022 டிசெம்பர் 12 இல் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பர் 1 இலிருந்து இண்டிகோ நிறுவனம் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 இலிருந்து திருச்சியிலிருந்தும் பலாலிக்குப் பறக்கத் தொடங்கியது. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பலும் தொடங்கியது. கடல்வழியே ஏறத்தாழ 110 கிலோமீற்றர், நான்கு மணித்தியாலம். ஒரு சேவை தொடங்குவதும் நிற்பதும் இங்கே வழக்கம். ஆகவே சீட்டு எடுக்குமுன் அந்த மாதத்தில் என்ன ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சகோதரிகள்

எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய குடும்பம் கண்டிப் பக்கத் தோட்டமொன்றில் இருந்து 1977 கலவரத்தின்பின் கிளிநொச்சிக்குப் போனது. 1990 இல் யுத்தம் மீண்டும் வெடித்தபோது தங்கை, தாயையும் கூட்டிக்கொண்டு படகில் இராமேஸ்வரம் போய்விட்டார். அக்கா பிள்ளைகளோடு கண்டிப் பக்கமே திரும்பினார். தங்கை குடும்பத்துக்குத் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இடம் கிடைத்தது. அந்த முகாம் திருச்சி விமானநிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இலங்கையிலிருந்து வரும் விமானம் தலைக்குமேல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே தங்கை பிள்ளைகளை வளர்த்தார்.

ஒருநாள் தாய் தவறிவிட்டார் என்று தொலைபேசி வந்தது. மறுநாள் பிற்பகல் அடக்கம். கணக்குப் பார்த்தால், அன்று இரவு புறப்பட்டால் அடுத்தநாள் பகல் போய்ச் சேர்ந்திருக்கலாம். நான் மேலே எழுதிய அதே ஒன்பது மணித்தியாலம். ஆனால் அக்காவிடம் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அது கிளிநொச்சி வீட்டோடு போய்விட்டது. தாயின் முகத்தை ஒரு கைத்தொலைபேசித் திரையில் பார்த்து அழுதார்.

அதன்பின் அவர் செய்த காரியத்தைத்தான் நான் எல்லாக் குழுக்களிலும் சொல்கிறேன். பிறந்த தோட்டத்தின் விபரங்களைத் தேடி, பிரதேச செயலகத்துக்கு நடையாய் நடந்து, பிறப்புப் பதிவின் பிரதியை எடுத்தார். அடையாள அட்டையில் இருந்த பெயர்ப் பிழையைத் திருத்தினார். கண்டியில் உள்ள குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்தில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தார். எல்லாம் முடிய ஓர் ஆண்டுக்கு மேல் சென்றது. இந்தியாவின் உதவி உயர்ஸ்தானிகராலயம் கண்டியிலேயே இருப்பதால் விசா பற்றிய விபரங்களை இங்கேயே கேட்டறிந்தார். சிறுசேமிப்பில் சீட்டுக்குக் காசு சேர்த்தார்.

2024 இல் அவர் திருச்சிக்குப் போனார். வெளியாட்கள் முகாமுக்குள் போக அனுமதி வேண்டும் என்பதால் தங்கையே விமானநிலைய வாசலுக்கு வந்து நின்றார். 34 ஆண்டுகள் கழித்து இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டது முகத்தால் அல்ல, தாயைப்போல இருவரும் நடந்த நடையால் என்று அக்கா சொல்வார். "விமானத்தில ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிய முந்தி இறக்கிப் போட்டான் பிள்ளை. இதுக்குத்தானா இவ்வளவு காலம்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பேராதனையில் சமூகவியல் படித்தபோது 'சமூக இடைவெளி' என்றொரு கருத்தைப் படித்தோம். மனிதருக்கு இடையிலான தூரத்தை அடி, மைல் கணக்கில் மட்டும் அளக்க முடியாது என்பது அதன் சாரம். அந்த அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் 415 கிலோமீற்றர் வானம் இருந்தது. அதைவிட நீளமாக ஒரு பிறப்புச் சான்றிதழும், ஒரு பெயர்ப் பிழையும், ஒரு கடவுச்சீட்டும் இருந்தன. வானத்தை விமானம் கடக்கும். மற்றவற்றை நாங்கள்தான் முன்கூட்டியே கடந்து வைக்க வேண்டும்.

இந்த மாதம் செய்யக்கூடியவை

வெளிநாட்டில் உறவு உள்ள ஒவ்வொருவரும், உடனே பயணம் இல்லாவிட்டாலும், ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்து இவற்றை எழுதிப் பாருங்கள்.

முதலாவது, என்னிடம் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றும் இருக்கின்றனவா? மூன்றிலும் என் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா? தகப்பன் பெயர் முன்னுக்கும் பின்னுக்கும் மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள். செத்த வீட்டுச் செய்தி வந்தபின் எந்த அலுவலகமும் ஒரே இரவில் திருத்தித் தராது.

இரண்டாவது, கடவுச்சீட்டு இருந்தால் அது எந்த நாளில் முடிகிறது? பல நாடுகள் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன.

மூன்றாவது, என் வீட்டு வாசலிலிருந்து கட்டுநாயக்காவுக்கு எத்தனை மணித்தியாலம்? இரவில் வான் வருமா? யார் கூட வருவார்? விடியற்காலை விமானம் என்றால் தனியே பஸ்ஸில் போகும் யோசனை வேண்டாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வான் பிடித்தால் செலவும் பங்கிடப்படும், துணையும் இருக்கும்.

நான்காவது, எனக்கு ஒரு காரியம் நடந்தால் அங்கிருந்து யார் வர முடியும், வர எவ்வளவு நேரம் ஆகும்? லண்டன் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர், நேராகப் பறந்தாலே பதினொரு மணித்தியாலம் அளவில் ஆகும். ரொறன்ரோ என்றால் இடையில் இறங்கி ஏற ஒரு நாளைத் தாண்டிவிடும். இதைத் தெரிந்து வைத்தால், "பிள்ளை ஏன் இன்னும் வரவில்லை" என்று பெட்டியடியில் நின்று சண்டை பிடிக்க வேண்டி வராது.

எழுதும்போது தெரியாத இடங்களை வெறுமையாக விட்டுவிட்டு அந்தக் கொப்பியைக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அலுவலகப் படிவங்கள் நிரப்புவதற்கு நான் வழமைபோல மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை உங்களோடு இருப்பேன். பிறப்புப் பதிவு தொலைந்தவர்கள், பிறந்த தோட்டத்தின் அல்லது கிராமத்தின் பெயரையும், தெரிந்தால் பிறந்த ஆண்டையும் ஒரு துண்டில் எழுதி வரவும். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.